முதுகில் போட்ட ஊசியும் காதில் விழாத சொல்லும்

பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பிய முதுகலை மாணவி ஒருத்தி, முதல் வரிசைக்கு இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டதுலேருந்து வலது காது அடைச்ச மாதிரியே இருக்கும்மா" என்றாள். தமிழ்த்துறையில் மாணவர்கள் எங்களை 'அம்மா' என்றுதான் அழைப்பார்கள். அந்த அழைப்புக்கு ஏற்றபடி நான் அன்று நடந்துகொள்ளவில்லை. "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும், உட்காரு" என்று சொல்லிவிட்டு மணிமேகலையைத் திறந்தேன்.

அன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. அது என் வாக்கியமே அல்ல. 16 ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் அனைவரும் என்மீது அக்கறை உள்ளவர்கள். நானும் அந்தப் பெண்மீது அக்கறை உள்ளவள்தான். அக்கறையோடு சொல்லியே ஒருத்தியின் வாயை அடைத்துவிட முடியும் என்பதை அன்றுதான் என் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிசேரியன் நடந்தபோது வயது 28. முதுகில் ஊசி போட்டார்கள். மார்புக்குக் கீழே உடம்பு என்னுடையதாக இல்லாமல் போயிற்று. நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். அந்த அறையில் எனக்கென்று மிஞ்சியது காது மட்டும்தான். கத்தரிக்கோல் தட்டில் விழும் ஓசை, உறிஞ்சு குழாயின் சத்தம், இன்னும் எத்தனை கேஸ் பாக்கி என்று ஒருவர் கேட்டது, பிறகு என் மகனின் முதல் அழுகை. என் பிரசவத்துக்கு நான் கண்ணால் கண்ட சாட்சி இல்லை, காதால் கேட்ட சாட்சி.

மறுநாள் எழுந்து உட்கார்ந்தபோது தலை பிளந்தது. படுத்தால் வலி விட்டது, உட்கார்ந்தால் வந்தது. அதோடு இடது காதில் தண்ணீர் புகுந்ததுபோல ஓர் அடைப்பு. வினோதம் என்னவென்றால், எல்லாச் சத்தமும் மங்கவில்லை. கரண்டி விழுந்தால் கேட்டது. குழந்தை அழுதால் கேட்டது. ஆனால் தெருவில் நிற்கும் பேருந்தின் உறுமல் அந்தப் பக்கத்தில் இல்லை. தொலைபேசியை இடது காதில் வைத்தால் அப்பாவின் கனத்த குரல் தேய்ந்து ஒலித்தது. இடப்பக்கம் உட்கார்ந்து என் கணவர் ஏதோ சொல்ல, நான் பேசாமலிருக்க, "கோவமா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

வார்டு பார்வைக்கு வந்த மருத்துவரிடம் சொன்னேன். "ஊசி முதுகுலதானம்மா போட்டோம், காதுலயா போட்டோம்?" என்றார். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவோ, "பச்சை உடம்புக்காரி, காதுல பஞ்சு வைக்காம ஃபேனுக்கு அடியில படுத்தா காத்து ஏறாம என்ன செய்யும்?" என்று பஞ்சைத் திணித்தாள். அத்தை வேறொரு பரிசோதனை வைத்திருந்தார்: "குழந்தை அழுதா கேக்குதுல்ல? பின்ன என்ன?"

ஒரு தாயின் காது வேலை செய்கிறதா என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே அளவுகோல் அதுதான். அழுகை கேட்டால் காது நலம். கணவரின் குரலோ பாட்டோ தன் அப்பாவின் பேச்சோ கேட்காமல் போனால் அது கணக்கில் வராது. மூன்றாவது வாரத்தில் அடைப்பு தானாக விலகியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. போனதையே நம்பாதவர்களிடம் திரும்பி வந்ததை எப்படிச் சொல்வது?

ஆறு ஆண்டுகள் கழித்து என் தங்கைக்கு அறுவைச் சிகிச்சை. முந்தைய நாள் மயக்க மருத்துவர் வந்தார், இளம் பெண். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் அதன் பின்பக்கத்தில் முதுகெலும்பை வரைந்து காட்டி விளக்கினார். கடைசியில், "உட்கார்ந்தா தலைவலி வரலாம். சிலருக்குக் காது அடைச்ச மாதிரியும் இருக்கும். இருந்தா மறைக்காம சொல்லுங்க" என்றார். தங்கை தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருடமாக நான் தேடிய பதில் ஒரே மூச்சில், கேட்காமலே வந்து விழுந்தது.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி அந்த நீரைத் தாங்கும் உறையைத் துளைத்து உள்ளே செல்கிறது. ஊசியை எடுத்த பிறகும் அந்தத் துளை வழியே நீர் கசியலாம். கசிந்தால் உள்ளழுத்தம் குறையும். உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் ஆறுதல் என்பது அதனால்தான். இந்த நீருக்கும் உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்கும் இடையே ஒரு நுண்ணிய கால்வாய் உண்டு. தண்டுவட நீரின் அழுத்தம் குறையும்போது உள்காதின் ஒரு திரவத்திலும் அழுத்தம் குறையலாம், அங்கே இருக்கும் இரு திரவங்களுக்கிடையே சமநிலை குலையலாம். அப்போது முதலில் மங்குவது தாழ்ந்த சுருதி ஒலிகள். பேருந்தின் உறுமலும் அப்பாவின் குரலும் அந்த வகை. குழந்தையின் அழுகையும் கரண்டிச் சத்தமும் அதற்கு மேலே ஒலிப்பவை.

ஆக, ஊசியை முதுகில் போட்டதுதான் விஷயம். முதுகிலிருந்து காதுக்கு ஒரு வழி இருக்கிறது.

இதைப் படிக்கும் கருவுற்ற தோழி பயந்துவிடக் கூடாது. இந்தக் கேட்டல் குறைவு ஏற்படுவோரில் பெரும்பாலோர் அதை உணர்வதே இல்லை, கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ சரியாகிவிடுவதே வழக்கம். நிலைத்து நிற்பது அரிது. பென்சில் முனைபோன்ற மெல்லிய ஊசிகள் வந்த பிறகு கசிவும் குறைந்திருக்கிறது. சிசேரியன் செய்துகொண்ட பெண்களை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவும் இல்லை. 'பாதிக்குமா?' என்ற கேள்விக்கு நேர்மையான விடை, 'பாதிக்கலாம், அரிதாக, பெரும்பாலும் தற்காலிகமாக' என்பதுதான். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தன. இந்திய அளவில் இது 21.5 ஆக இருந்தது. இவ்வளவு பேர் அந்த மேசைமேல் படுக்கும் ஊரில், அரிது என்பதும் ஒரு தலைக்கணக்குதான்.

மயக்க மருந்துக்கு எதிராக நான் எழுதவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வலிக்கு ஈதரையும் பிறகு குளோரோஃபார்மையும் பயன்படுத்தியபோது, வலியோடுதான் பெண் பெற வேண்டும் என்று வேதத்தைக் காட்டி மறுத்தவர்கள் இருந்தார்கள். 1853இல் விக்டோரியா அரசி தன் பிரசவத்தில் குளோரோஃபார்ம் முகர்ந்த பிறகு அந்தக் குரல்கள் தணிந்தன. வலியை நீக்கிக்கொள்ளும் உரிமை பெண்ணுக்கு எளிதாகக் கிடைத்ததல்ல. 'எங்க காலத்துல ஊசியா போட்டோம்?' என்று பெருமை பேசும் பாட்டிகளின் வலியை மதிக்கிறேன். அந்த வலியை அடுத்தவளுக்கு அளவுகோலாக வைப்பதை மதிக்க மாட்டேன்.

ஆனால் இந்த வரலாற்றில் யாருடைய உபாதை எப்படிப் பதிவானது என்று பார்க்க வேண்டும். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் ஸ்பைனல் மயக்கத்தை முதலில் செய்தார். பிறகு தன் உதவியாளரைக் கொண்டு தனக்கே ஊசி போடச் சொன்னார். மருந்துக்குழாய் ஊசியில் சரியாகப் பொருந்தாமல் தண்டுவட நீர் நிறைய வெளியேறியது. உட்கார முடியாத தலைவலியோடு பல நாள் அவதிப்பட்டார். தலைவலியும் நீர்க்கசிவும் மருத்துவ நூலில் ஏறியது இப்படித்தான். வலித்தவரும் எழுதியவரும் ஒருவரே. 'ஊசி முதுகில்தானே, தலை எப்படி வலிக்கும்?' என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு கதை இதற்கு நேர்மாறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 'அந்தி உறக்கம்' என்ற முறை புகழ்பெற்றது. மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கலந்து கொடுப்பார்கள். பெண் வலியில் கத்துவாள், புரளுவாள். விழித்த பிறகு எதுவும் நினைவிருக்காது. வலியை எடுக்கவில்லை, சாட்சியத்தை எடுத்துவிட்டார்கள். இந்த முறை வேண்டுமென்று 1914இல் அமெரிக்காவில் இயக்கம் கட்டியவர்கள் பெண்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வலி அவ்வளவு பெரியது. ஆனாலும் கேள்வி நிற்கிறது: ஒருத்திக்கு நடந்ததை அவளால் சொல்ல முடியாமல் போனால், அது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

நம் காலத்தில் நினைவை யாரும் அழிப்பதில்லை. அளக்காமல் விடுகிறார்கள். குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் அதற்கு ஆப்கார் மதிப்பெண் போடுகிறார்கள். 1953இல் அதை வெளியிட்ட வர்ஜினியா ஆப்கார் ஒரு பெண், மயக்கவியல் மருத்துவர். தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து சேயை எப்படிப் பாதிக்கிறது என்பதும் அவருடைய அக்கறைகளுள் ஒன்று. எத்தனையோ சிசுக்களைக் காப்பாற்றிய அளவீடு அது. பிறந்த குழந்தையின் காதுக்கும் இப்போது பல இடங்களில் பரிசோதனை உண்டு, அதுவும் தேவைதான். அதே கட்டிலில் படுத்திருக்கும் தாய் 'எனக்குக் காது அடைக்குது' என்று சொன்னால் எடுத்துப் பார்க்க ஒரு கருவி இல்லை, ஒரு கட்டம்கூட அந்தக் காகிதத்தில் இல்லை. பிறகு, 'இப்படி யாரும் சொன்னதாகப் பதிவே இல்லையே' என்கிறார்கள். பதிவு செய்யாதவர்களே பதிவில்லாததை ஆதாரமாகக் காட்டுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

மறுநாள் அந்த மாணவியைத் துறைக்கு அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். என் காதின் கதையைச் சொன்னேன். எனக்கு ஓர் உள்ளுவகை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் தேடிக்கொண்டிருந்த இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்லி வற்புறுத்தினேன். போனாள். ஆடியோகிராம் எடுத்தார்கள். ஊசி அல்ல காரணம். நடுக்காதில் இருக்கும் மிகச் சிறிய எலும்பான அங்கவடி இறுகிப்போகும் நோய், ஓட்டோஸ்க்ளெரோசிஸ். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. கருவுற்ற காலத்தில் கூடியதாகப் பல பெண்கள் சொல்வதுண்டு, அந்தத் தொடர்பைப் பற்றி மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. "எங்க அம்மாவையும் டமாரம்னுதாம்மா வீட்ல கூப்பிடுவாங்க" என்று அப்போதுதான் சொன்னாள்.

என் கோட்பாடு ஒரு நாளில் சரிந்தது. எனக்கு அது நல்லதாயிற்று.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் வீடுகளில் சொல்வோம். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகாது. பெண்களாகிய நம்மிடமும் காக்கைகள் பல உண்டு. 'முதுகுல ஊசி போட்டதுலேருந்து இடுப்பு வலி போகவே இல்ல' என்று சொல்லாத தாயை நம் தெருவில் பார்ப்பது அரிது. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட பெண்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலிக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை. அப்படியானால் அத்தனை பெண்களும் பொய் சொல்கிறார்களா? இல்லை. வலி உண்மை. காரணம் வேறாக இருக்கலாம்: சுமந்த எடை, தளர்ந்த தசை, குனிந்து பாலூட்டிய இரவுகள், நாற்பதாம் நாளே தூக்கிய தண்ணீர்க் குடம். 'ஊசி இல்லை' என்பது பாதி விடைதான். 'பிறகு எது?' என்று கேட்கிறவர்தான் மீதியைக் கண்டுபிடிப்பார். அந்த மீதியைத் தேடினால் சில சமயம் அது வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடும். ஊசியின்மேல் பழி போட்டால் வீட்டில் யாருக்கும் சங்கடமில்லை.

'பெண்ணை நம்பு' என்று நாம் மேடைகளில் சொல்கிறோம். எதை நம்ப வேண்டும்? இதற்கான விடை நான் அன்று அரைகுறை மனதோடு நடத்திய மணிமேகலையிலேயே இருந்தது. காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கும்போது, அறிவதற்கு வழி இரண்டு என்கிறார்: காண்டல், கருதல். நேரே உணர்வது ஒன்று. ஏதுவைக் கொண்டு ஊகிப்பது மற்றொன்று. 'என் காது அடைத்திருக்கிறது' என்பது காண்டல். அதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி உலகில் இல்லை. மருத்துவரோ மாமியாரோ ஆசிரியரோ அதை மறுக்கத் தகுதியற்றவர்கள். 'ஊசியால்தான் அடைத்தது' என்பது கருதல். அது அவள் சொன்னாலும் நான் சொன்னாலும் பேராசிரியர் சொன்னாலும் சோதிக்கப்பட வேண்டியது. கருதல் தவறிப்போனால் காண்டல் பொய்யாகிவிடாது. நமக்கு நடந்த அநீதி பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதில்தான் இருக்கிறது. ஊசிக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை, ஆகவே உன் காதில் ஒன்றுமில்லை. அந்த 'ஆகவே'யில் எத்தனை பெண்களின் உடம்பு தொலைந்துபோயிருக்கிறது!

அதே காப்பியத்தில் இன்னொன்றும் உண்டு. மணிமேகலா தெய்வம் அவளுக்கு உருமாறும் மந்திரத்தைத் தரும்போது சொல்லும் காரணம், இளம்பெண் என்று எண்ணிச் சமயவாதிகள் தங்கள் கோட்பாட்டை அவளுக்கு உரைக்க மாட்டார்கள் என்பது. வஞ்சி நகரில் ஒரு மாதவன் வடிவெடுத்துத்தான் அவள் அளவைவாதி முதலானவர்களிடம் கேட்கிறாள். பதில் பெற ஒரு பெண் தன் உடம்பையே மாற்ற வேண்டியிருந்தது. பிரசவ வார்டில் அந்த மந்திரம் கிடையாது. அங்கே கேட்க வேண்டியதே உடம்பைப் பற்றித்தான்.

இங்கிலாந்துத் தத்துவவாதி மிரண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூலில், ஒருவரின் சொல்லுக்கு அவர் யார் என்பதை வைத்தே மதிப்பைக் குறைப்பதைச் சாட்சிய அநீதி என்கிறார். தனக்கு நேர்வதைச் சொல்லச் சமூகத்திடம் சொல்லே இல்லாமல் போவது இன்னொரு வகை அநீதி என்கிறார். எனக்கு நடந்ததில் இரண்டும் இருந்தன. மருத்துவரின் நகைச்சுவை முதல் வகை. 'பச்சை உடம்பு' என்ற சொல் இரண்டாவது வகை. அம்மா அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் தலைவலி, காய்ச்சல், அழுகை, காதடைப்பு என்று எது வந்தாலும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிடலாம். எல்லாவற்றையும் விளக்கும் சொல் எதையும் விளக்குவதில்லை.

தமிழில் 'கேள்' என்பதற்குச் செவிமடு என்றும் வினவு என்றும் பொருள். திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் கேட்டு அறிவதைப் பற்றியது. நோயாளியைக் கேட்பது என்றால் அவள் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமல்ல, அவளிடம் வினவுவதும்தான். எந்தக் காது, எப்போதிலிருந்து, உட்கார்ந்தால் கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? இந்த நான்கு கேள்விகளைக் கேட்டிருந்தால் என் மருத்துவர் நான் சொன்னதை நோய்க்குறிப்பில் ஏற்றியிருப்பார். நான் கேட்டிருந்தால் என் மாணவி இன்னும் முன்னதாக மருத்துவரிடம் போயிருப்பாள்.

எனக்கு என்ன நடந்தது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உட்கார்ந்தால் வந்த தலைவலி, தாழ்ந்த ஒலிகள் மட்டும் மங்கியது, மூன்று வாரத்தில் மீண்டது எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் ஒரு ஆடியோகிராம் இல்லை. ஆகவே அது என் கருதல், என் காண்டல் அல்ல என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஊசியால்தான் என்று மறுக்க முடியாமல் சொல்லும் வாய்ப்பை அன்று அந்தச் சிரிப்போடு இழந்தேன்.

படிக்கும் பெண்களுக்கு இரண்டு நடைமுறை விஷயங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காது மந்தமானாலோ இரைந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள், நோய்க்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் காத்திருக்க வேண்டாம். காரணம் எதுவானாலும் திடீர்க் கேட்டல் இழப்புக்குச் சிகிச்சையை முதல் சில நாட்களில் தொடங்குவதே பயன் தரும். குழந்தையின் அழுகை கேட்கிறது என்பதை மட்டும் வைத்து அமைதியடைந்துவிடாதீர்கள். கூடவே, கொடுத்த மருந்துகளின் பட்டியலையும் கேளுங்கள். ஜென்டமைசின்போன்ற சில மருந்துகளுக்குக் காதைப் பாதிக்கும் இயல்பு உண்டு.

அந்த மாணவி இப்போது காது கருவி அணிகிறாள். முதல் வரிசையில்தான் உட்காருகிறாள். சென்ற மாதம் தன் அம்மாவையும் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். டமாரம் என்று கூப்பிடுவதை இனி நிறுத்த வேண்டுமென்று வீட்டில் சண்டை போட்டதாகவும், அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "அவங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையாம்மா" என்றாள்.